சுவருக்கு அப்பால் உறங்குபவர்

அமெரிக்காவில் வாழ்ந்து, வீட்டுக் காவலுக்கென ஷாட்கன் வாங்கியுள்ள, அல்லது வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும் தமிழ்க் குடும்பத்தினர் அனைவருக்கும்,



ஷாட்கன் எனப்படுவது, ஒற்றைக் குண்டுக்குப் பதிலாகப் பல ஈய ரவைகளை ஒரே வெடிப்பில் வெளியேற்றுவதற்கென்று அமைந்த, உட்புறம் புரிவரிகள் இன்றி வழுவழுப்பாக இருக்கும் குழலையுடைய நீள்துப்பாக்கியாகும். உள்ளே இடும் தோட்டாவை மாற்றினால் போதும், காடை சுடும் துப்பாக்கியே மான் சுடும் துப்பாக்கியாகிவிடும். ஆகையால் எந்தத் துப்பாக்கியை வாங்குவது என்பதைவிட அதற்கு எந்தத் தோட்டாவை வாங்குவது என்பதே கடினமான முடிவாகும். கடை மேடையிலும் வார இறுதி விருந்துகளிலும் இந்த முடிவு பெரும்பாலும் “எது வலுவானது” என்ற ஒரே கேள்வியில் அடங்கிவிடுகிறது. அது பாதிக் கேள்விதான். இலக்கைத் தவறவிட்ட ரவை எங்கே போய் நிற்கும், அங்கே யார் உறங்குகிறார் என்பது மீதிப் பாதி. அந்த மீதியைக் கருதியே இம்மடல் எழுதப்படுகிறது.

தோட்டாவின் வகைகளுக்குள் செல்லுமுன், அதைக் கையில் வைத்திருக்கச் சட்டம் இடம் தருகிறதா என்பதைப் பார்த்துவிட வேண்டும். 1968ஆம் ஆண்டின் கூட்டரசுத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் 1998இல் சேர்க்கப்பட்ட விதியின்படி, குடியேற்றம் சாராத விசாவில் வந்தவர்கள், அதாவது எச்-1பி, எல்-1, எச்-4, மாணவர் விசா, சுற்றுலா விசா ஆகியவற்றில் இருப்பவர்கள், துப்பாக்கியை மட்டுமன்றித் தோட்டாவையும் வைத்திருக்கக் கூடாது. செல்லத்தக்க வேட்டை உரிமம் பெற்றிருப்போருக்கும் இன்னும் சிலருக்கும் விலக்கு உண்டு என்றாலும், அந்த விலக்கு தமக்குப் பொருந்துமா என்பதை வழக்கறிஞரிடம் கேட்டறிவதே முறை. ஏனெனில் இவ்விதியை மீறுவதற்கான உச்சத் தண்டனை 2022 முதல் 15 ஆண்டுச் சிறையாகும், துப்பாக்கிக் குற்றமோ நாடுகடத்தலுக்கும் காரணமாகக்கூடியது. பச்சை அட்டை பெற்றவர்களுக்கும் குடிமக்களுக்கும் இத்தடை இல்லை. எனினும் நியூ ஜெர்சியில் நீள்துப்பாக்கி வாங்குவோருக்கு அடையாள அட்டை தேவைப்படுவதும், இல்லினாயில் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்போர் அதற்குரிய மாநில அட்டை பெற்றிருக்க வேண்டியதும் போன்ற மாநில விதிகள் தனியே உள்ளன. ஆறு மாதம் தங்கிப் பேரக் குழந்தையைப் பார்த்துக்கொள்ள மதுரையிலிருந்து வந்திருக்கும் தாத்தாவும் சட்டத்தின் பார்வையில் தடைக்குள் அடங்குபவரே. ஆர்வத்தின் பேரில் அவரைத் துப்பாக்கிப் பயிற்சிக் கூடத்துக்கு அழைத்துச் சென்று ஒரு முறை சுடச் சொல்வதும் தவிர்க்கப்பட வேண்டியதாகும்.

இனித் தோட்டா. குழலின் அகலத்தைக் கேஜ் என்ற அளவால் குறிப்பர். தமிழ்நாட்டில் உரிமம் பெற்ற துப்பாக்கி வைத்திருப்போர் இதையே போர் என்பர். குழலின் உள்விட்டத்துக்குச் சரியாகப் பொருந்தும் ஈய உருண்டைகள் எத்தனை சேர்ந்தால் ஒரு ராத்தல் எடை வரும் என்பதே இந்த எண் என்பதால், எண் பெரிதாகும்போது குழல் சிறிதாகிறது. 12 கேஜின் உள்விட்டம் ஏறத்தாழ 18.5 மி.மீ., 20 கேஜினுடையது 15.6 மி.மீ. என்பது கணக்கு. பாயின்ட் 410 மட்டும் இம்முறைக்கு விலக்கு. அது அங்குலத்தில் சொல்லப்படும் நேரடி விட்டமாகும்.

12 கேஜ் தோட்டா ஒன்றைக் கையில் எடுத்து நீளவாக்கில் அறுத்துப் பார்த்ததாகக் கொண்டால் அதன் அமைப்பு எளிதில் விளங்கும். அடியில் பித்தளை மூடி, அதன் நடுவில் அடிபட்டால் தீப்பொறி எழுப்பும் பிரைமர், அதற்கு மேல் வெடிமருந்து, மருந்துக்கும் ரவைக்கும் இடையே வாட் எனப்படும் பிளாஸ்டிக் கிண்ணம், கிண்ணத்துக்குள் ரவை, அனைத்தையும் சுற்றிப் பிளாஸ்டிக் கூடு, அக்கூட்டின் வாய் நட்சத்திரம்போல் மடித்து மூடப்பட்ட மடிப்பு என்று அடுக்கடுக்காக அது இருக்கும். இவற்றுள் வாங்குபவர் கண் வைக்க வேண்டியவை ரவையின் பருமனும் வாட்டின் வகையும் மருந்தின் அளவும் ஆகும். பெட்டியின் மேல் அச்சிட்ட சீறும் விலங்கின் படத்துக்கு ஒரு பொருளும் இல்லை.

ரவை மூன்று வகைப்படும். பறவை ரவை என்பது மிகச் சிறியது. அமெரிக்க முறையில் அதன் எண்ணை 17இலிருந்து கழித்தால் விட்டம் அங்குலத்தின் நூறில் எத்தனை பங்கு என்பது கிடைத்துவிடும். 8ஆம் எண் ரவை நூறில் 9 பங்கு, ஏழரை எண் ரவை 9.5 பங்கு, அதாவது 2.4 மி.மீ. ஓர் அவுன்சில் இந்த ஏழரை எண் ரவை ஏறத்தாழ 350 இருக்கும் என்றால், ஒரு ரவை எவ்வளவு இலேசானது என்பது புரியும். அடுத்தது பக்ஷாட் எனப்படும் பெரிய ரவை. இதில் டபுள் ஆட் என்று சொல்லப்படும் இரட்டைச் சுழி ரவை 8.4 மி.மீ. விட்டமும் ஏறத்தாழ மூன்றரை கிராம் எடையும் உடையது, ஒரு தோட்டாவில் வழக்கமாக ஒன்பது இருக்கும், இந்தியாவில் எஸ்.ஜி. என்ற பெயரில் விற்கப்படுவதும் கிட்டத்தட்ட இந்தப் பருமன்தான். 1ஆம் எண் பக்ஷாட் 7.6 மி.மீ., முழு அளவுத் தோட்டாவில் பதினாறு. 4ஆம் எண் பக்ஷாட் 6.1 மி.மீ., இருபத்தேழு. மூன்றாவது வகை ஸ்லக், அதாவது பன்றியையும் மானையும் தொலைவிலிருந்து வீழ்த்துவதற்கான ஒற்றை ஈயக் கட்டி. வீட்டுக்குள் அதற்கு வேலை இல்லை என்று ஒரே வரியில் விட்டுவிடலாம்.

பறவை ரவையா பக்ஷாட்டா என்ற வழக்கு நெடுங்காலமாக நடப்பது. இதில் தீர்ப்புக் கூற உதவும் அளவுகோல் ஒன்று துயரமான நிகழ்வு ஒன்றிலிருந்து பிறந்தது. 1986 ஏப்ரல் 11 அன்று மயாமியில் எஃப்.பி.ஐ. அலுவலர்களுக்கும் வங்கிக் கொள்ளையர் இருவருக்கும் நடந்த துப்பாக்கிச் சண்டையில், கொள்ளையர் ஒருவரின் உடலில் தொடக்கத்திலேயே பாய்ந்த குண்டு இதயத்தை எட்டுமுன் நின்றுவிட்டது. அதன்பின்னும் அவர் சுட்டுக்கொண்டே இருந்தார், அலுவலர் இருவர் உயிரிழந்தனர், ஐவர் காயமுற்றனர். இதைத் தொடர்ந்த ஆய்வுகளின் முடிவில் எஃப்.பி.ஐ., உடற்சதைக்கு ஈடாகக் கொள்ளப்படும் பத்து விழுக்காடு ஜெலட்டின் பாளத்தில் ஒரு குண்டு குறைந்தது 12 அங்குலம், மிகுந்தால் 18 அங்குலம் செல்ல வேண்டும் என்ற வரம்பை ஏற்றது. சான் பிரான்சிஸ்கோவில் இராணுவக் காய ஆய்வகத்தை நடத்திய மருத்துவர் மார்ட்டின் ஃபேக்லர் இந்த ஜெலட்டின் முறையைச் செம்மைப்படுத்தியவர்களுள் முதன்மையானவர். மனித மார்பு 12 அங்குலம் தடிமனானதன்று, பின் ஏன் இத்தனை ஆழம் என்று கேட்கலாம். எதிரி நேரே நெஞ்சைக் காட்டி நிற்பதில்லை, பக்கவாட்டில் திரும்பியோ குறுக்கே கையை நீட்டியோ நிற்கும்போது ரவை அக்கையையும் கடந்தாக வேண்டும் என்பதே விடை.

இந்த அளவுகோலில் பறவை ரவை தேறுவதில்லை. அவ்வளவு இலேசான ரவை வேகத்தை விரைவில் இழப்பதால் ஜெலட்டினில் அது பொதுவாக ஆறு அங்குலத்துக்குள் நின்றுவிடுகிறது. மேலோட்டமான, பார்ப்பதற்குக் கோரமான காயத்தை அது உண்டாக்கும், தாக்க வருபவரை உடனே நிறுத்தும் என்பதற்கு மட்டும் உறுதி தராது. 4ஆம் எண் பக்ஷாட் எல்லைக்கோட்டில் நிற்பது. டபுள் ஆட் வரம்பை எளிதில் எட்டும், பல வேளைகளில் 18 அங்குலத்தையும் தாண்டிவிடும். நடுவில் உள்ள 1ஆம் எண் பக்ஷாட், போதிய ஆழமும் செல்கிறது, மிகையாகவும் போவதில்லை என்பதுடன், ஒன்பது டபுள் ஆட் ரவைகளின் குறுக்குப் பரப்பைக் கூட்டினால் ஏறத்தாழ 500 சதுர மி.மீ. வருகிறபோது பதினாறு 1ஆம் எண் ரவைகளுக்கு அது 730 அளவில் வருகிறது. காய ஆய்வாளர்கள் சிலர் இதையே வீட்டுக்கு உகந்ததென்று கூறிவந்ததற்குக் காரணம் இதுதான். ஆயினும் பதினாறு ரவைத் தோட்டா எடை கூடியது, தோளில் இடிப்பதும் அதிகம், எல்லாக் கடையிலும் கிடைப்பதுமில்லை. டபுள் ஆட்டில் நல்ல தயாரிப்புகள் மலிந்திருக்க, 1ஆம் எண்ணைத் தேடி அலைந்து தரமற்ற ஒன்றை வாங்குவது புத்திசாலித்தனமாகாது.

இங்கேதான் சுவர் குறுக்கிடுகிறது. தமிழ்நாட்டில் பிறந்து வளர்ந்தவரின் மனத்தில் சுவர் என்ற சொல் ஒன்பது அங்குலச் செங்கல்லையும் அதன் மேல் பூசிய சிமெண்டையும் குறிக்கிறது. ஆணி அடிக்கப் போனால் ஆணியே வளைந்துவிடும் பொருள் அது. அமெரிக்க வீட்டின் உட்சுவருக்கும் அதே சொல்லை வழங்கினாலும் பொருள் வேறு. ஏறத்தாழ 16 அங்குல இடைவெளியில் நிறுத்திய மரச்சட்டங்கள், அவற்றின் இரு முகங்களிலும் அறைந்த அரை அங்குல ஜிப்சம் பலகை, இடையில் வெற்றிடம், அவ்வளவே. கதவின் கைப்பிடி வேகமாக மோதினாலே அதில் ஓட்டை விழும்; குடும்பத்தில் அந்த ஓட்டையை ஒரு முறையாவது பூசி மறைக்காதவர் அரிது. வெளிச்சுவரும் பல வீடுகளில் மரத்துகள் பலகையும் அதன் மேல் போர்த்திய வினைல் தகடுமே ஆகும்.

பக்ஷாட் ரவைக்கு இந்தச் சுவர் ஒரு பொருட்டன்று. உடலை நிறுத்தப் போதுமான எந்த ரவையும் இத்தகைய பல சுவர்களைத் துளைத்து அடுத்தடுத்த அறைகளுக்குச் செல்லும். இதை உணர்ந்த சிலர், குழந்தைகள் இருக்கும் வீட்டுக்குப் பறவை ரவையே பாதுகாப்பு என்று பரிந்துரைக்கின்றனர். நல்லெண்ணத்தில் பிறந்த தவறு அது. சில மீட்டர் தொலைவில் பறவை ரவை இன்னும் விரியாமல் ஒரே கட்டியாகப் பறப்பதால் அதுவும் உட்சுவரைத் துளைக்கிறது. துளைத்த பின் வேகம் பெரிதும் குறைகிறது என்பது உண்மை, எனினும் சுவரை ஒட்டிய கட்டிலில் உறங்கும் குழந்தைக்கு அந்த எஞ்சிய வேகமே போதும். ஜிப்சத்தை மதிக்கும் ரவை தாக்குபவரை நிறுத்தாது, தாக்குபவரை நிறுத்தும் ரவை ஜிப்சத்தை மதிக்காது; இரண்டையும் ஒருசேரச் செய்யும் தோட்டா கடையில் இல்லை, “சுவர் தாண்டாது” என்று விற்பவர் சொன்னால் அவரிடம் வாங்காமல் திரும்புவதே நல்லது. ஆகவே சுவர்ப் பிரச்சினைக்கு விடையைத் தோட்டாப் பெட்டியில் தேடக் கூடாது, வீட்டின் வரைபடத்தில் தேட வேண்டும் என்பதே இம்மடலின் நிலைப்பாடு.

ரவை விரிவதைப் பற்றிய மூடநம்பிக்கை இதனோடு சேர்ந்தது. கண்ணை மூடிக்கொண்டு சுட்டாலும் படும் என்று ஷாட்கனைப் பற்றிச் சொல்வோர் பலர். அறைத் தொலைவான ஐந்து மீட்டரில் பக்ஷாட்டின் விரிவு பெரும்பாலும் ஒரு கைப்பிடி அகலத்துக்குள் அடங்கிவிடும். குறி தவறினால் ஒன்பதும் தவறும். ஒரு கஜத்துக்கு ஓர் அங்குலம் விரியும் என்ற பழைய வாய்பாடும் நம்பத்தக்கதன்று, ஏனெனில் ஒரே தோட்டா இரு துப்பாக்கிகளில் இரு விதமாக விரியும். விரிவு குறைவாக இருப்பதே வீட்டில் வேண்டப்படுவது. கூட்டத்தை விட்டு விலகிய ஒரு ரவை, மேலே சொன்ன சுவரை நோக்கிச் செல்லும் ரவையாகும், அதற்கும் சுட்டவரே பொறுப்பு. ஃபெடரல் நிறுவனத்தின் ஃப்ளைட்கன்ட்ரோல் போன்ற வாட் வகைகள், ரவையைக் குழலுக்கு வெளியே சற்றுத் தொலைவு வரை கிண்ணத்துக்குள்ளேயே பிடித்துவைத்து இவ்விரிவைப் பெரிதும் குறைக்கின்றன; இவற்றில் ஒன்பதுக்குப் பதில் எட்டு ரவை கொண்டவற்றையே அனுபவசாலிகள் பலர் விரும்புகின்றனர், ஒன்பதாவது ரவை கூட்டத்தோடு சேராமல் விலகும் பழக்கம் உடையது என்பதால்.

எந்தத் தோட்டாவையும் பெட்டியைப் பார்த்து நம்பாமல் காகிதத்தில் சோதிப்பதே வழி. வீட்டுக்குள் மிக நீண்ட நேர்க்கோடு எது என்பதை, எடுத்துக்காட்டாகப் படுக்கையறை வாயிலிலிருந்து முன்கதவு வரையுள்ள தொலைவை, நாடாவால் அளந்துகொண்டு, பயிற்சிக் கூடத்தில் அதே தொலைவில் அகன்ற அட்டையை நிறுத்தி மூன்று வகைத் தோட்டாக்களில் இரண்டிரண்டு சுட்டு, அட்டையில் விழுந்த துளைகளை எண்ண வேண்டும். ஒன்பது சுட்டு எட்டுத் துளை இருந்தால் அந்த ஒன்று எங்கே என்று தேட வேண்டும். இதற்கு ஒரு பிற்பகல் போதும், இதைச் செய்யாதவர் பத்துப் பெட்டி வாங்கி அடுக்கியிருந்தாலும் தம் துப்பாக்கியை அறியாதவரே.

மருந்தின் அளவைப் பொறுத்தவரை மிகை வேண்டாம் என்பதே சுருக்கமான அறிவுரை. வழக்கமான டபுள் ஆட் வினாடிக்கு ஏறத்தாழ 400 மீட்டர் வேகத்தில் புறப்படும். உதை குறைக்கப்பட்ட வகை 350 மீட்டர் அளவில் செல்லும், அறைத் தொலைவில் இவ்வேறுபாட்டால் இழப்பு ஏதுமில்லை, ஆனால் அடுத்த குண்டுக்குத் துப்பாக்கியை மீண்டும் நிலைக்குக் கொண்டுவருவது எளிதாகும். வீட்டில் உயரம் குறைந்த, தோள் மெலிந்த ஒருவரும் அதைக் கையாள வேண்டியிருக்குமானால் 20 கேஜைப் பற்றி வெட்கமின்றி யோசிக்கலாம். தானாக அடுத்த தோட்டாவை ஏற்றும் வகைத் துப்பாக்கிகள் சில, உதை குறைந்த தோட்டாவில் சிக்கிக்கொள்ளும் என்பதால் அதையும் முன்னரே சோதிக்க வேண்டும்.

தோட்டாவின் நீளத்தில் ஒரு பொறி உண்டு. பெட்டியில் குறிக்கப்பட்ட நீளம் சுடுவதற்கு முன்னுள்ள நீளமன்று, வாய் மடிப்பு விரிந்த பின் உள்ள நீளம். ஆகையால் மூன்று அங்குலத் தோட்டா, இரண்டே முக்கால் அங்குல அறையுள்ள பழைய துப்பாக்கியில் தடையின்றி நுழைந்துவிடும், ஆனால் மடிப்பு விரிய இடமின்றி உள்ளழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறும். நுழைகிறது என்பதற்காகப் பொருந்துகிறது என்று கொள்ளாமல், குழலின் மேல் பொறித்திருப்பதைப் படிக்க வேண்டும். இதைவிடக் கொடிது 12, 20 இரண்டும் ஒரே வீட்டில் கலந்திருப்பது: 20 கேஜ் தோட்டா 12 கேஜ் குழலுக்குள் வழுக்கிச் சென்று நடுவில் தங்கிவிடும், அது தெரியாமல் பின்னால் 12 கேஜ் தோட்டாவை ஏற்றிச் சுட்டால் குழலே வெடிக்கும். 20 கேஜ் தோட்டாக்களை மஞ்சள் நிறத்தில் தயாரிக்கும் வழக்கம் வந்தது இதனால்தான்.

உப்புக்கல், ரப்பர் உருண்டை, தீப்பிழம்பு கக்கும் தோட்டா ஆகியவற்றைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முன்னிரண்டும் தாக்குபவரை நிறுத்தும் உறுதியற்றவை என்றாலும், துப்பாக்கியால் ஒருவரை நோக்கிச் சுட்டதைச் சட்டம் உயிர்பறிக்கும் விசையாகவே கருதக்கூடும். மூன்றாவது, சொந்த வீட்டுத் திரைச்சீலைக்குத் தீ வைக்கும் விளையாட்டு.

உரிய தோட்டா உரிய குழலில் இருந்தும் எல்லாம் பிழையாகலாம் என்பதற்கு மிச்சிகன் மாநிலத்து வழக்கு ஒன்று சான்றாகும். 2013 நவம்பரில் டிட்ராய்ட் நகரை ஒட்டிய ஊரொன்றில், விடியலுக்கு முன் வாசற்கதவு தட்டப்படும் ஓசை கேட்டு எழுந்த வீட்டுக்காரர், பூட்டியிருந்த வலைக்கதவின் ஊடே 12 கேஜ் துப்பாக்கியால் சுட்டார். வெளியே நின்றவர் ஆயுதம் ஏதுமற்ற 19 வயதுப் பெண். சில மணி நேரத்துக்கு முன் அருகிலேயே அவருடைய கார் விபத்துக்குள்ளாகியிருந்தது. அச்சத்தால் சுட்டதாகக் கூறிய வாதத்தை ஏற்காத நடுவர் குழு 2014இல் வீட்டுக்காரரை இரண்டாம் நிலைக் கொலைக் குற்றவாளி என்று தீர்த்தது, குறைந்தது 17 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. கதவு பூட்டியிருக்கும் வரை தொலைபேசியில் 911 அழைப்பதற்கு நேரம் இருக்கிறது. பம்ப் வகைத் துப்பாக்கியின் குழலடிக் கட்டையை இழுத்துத் தள்ளும் ஓசையைக் கேட்டாலே திருடன் ஓடிவிடுவான் என்ற கதையையும் குடும்பத்தினர் மறந்துவிடலாம், ஓடாத திருடனுக்கு அது இருக்குமிடத்தைக் காட்டிக்கொடுக்கும்.

அன்பிற்குரிய குடும்பத்தினரே, அமெரிக்காவில் 2021இல் துப்பாக்கியால் உயிரிழந்த 48,830 பேரில் 26,328 பேர் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டவர்கள். வீட்டில் மனச்சோர்வுற்ற ஒருவர் இருப்பாரானால், அது கல்லூரியிலிருந்து திரும்பிய மகனாயினும் வேலை இழந்த கணவராயினும், அவ்வீட்டுக்கு உகந்த தோட்டா எதுவும் இல்லை. நல்ல பூட்டும் கண்காணிப்புக் கேமராவும் வாசல் விளக்கும் போதும். மற்ற வீடுகளில் துப்பாக்கி பெட்டகத்துக்குள் இருக்க வேண்டும், அதன் சேமிப்புக் குழாயில் தோட்டா இருந்தாலும் வெடியறை வெறுமையாக இருக்க வேண்டும். பல பம்ப் வகைத் துப்பாக்கிகளின் காப்பு விசை, சுடும் விசையை மட்டுமே தடுக்கிறது, கீழே விழுந்தால் வெடிப்பதைத் தடுப்பதில்லை.

கடைக்குச் செல்லுமுன் ஒரு தாளில் வீட்டின் வரைபடத்தைப் போட்டு, யார் எங்கே உறங்குகிறார் என்று குறித்து, துப்பாக்கியோடு நிற்கத் தகுந்த இடத்திலிருந்து ஒவ்வொரு வாயிலுக்கும் ஒரு கோடு இழுத்து, அக்கோட்டைச் சுவரில் நிறுத்தாமல் தாளின் விளிம்பு வரை, அண்டை வீட்டின் படுக்கையறை வரை நீட்டிப் பார்க்குமாறு இம்மடல் வேண்டுகிறது. அந்தக் கோடு ஒரு தொட்டிலைத் தொட்டுச் செல்லுமானால், தோட்டாவை மாற்றிப் பயனில்லை. தொட்டிலை இடம் மாற்றுங்கள்.